பொனட்டுக்குள் இருந்த வயர்

எங்கள் கார் சோதனைச் சாவடிகளில் மட்டும் நின்றது. வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். காலி வீதியின் சிவப்பு விளக்குகளில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பொறுமையாக உறுமிக்கொண்டிருக்கும். தார்ப் பீப்பாய்களை மாறி மாறி வைத்து வளைந்து வளைந்து வரச் சொல்லும் இடத்துக்குப் போய், ஆமிக்காரன் கையைக் காட்டியதும், ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் செத்துப்போகும். யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தமிழனின் கார் நிற்பதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

ஜப்பானிலிருந்து வந்த டீசல் கார் அது. எல்லாவற்றையும் ஒரு கணினிப் பெட்டி பார்த்துக்கொள்ளும் புது மாதிரி. என் கணவர் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் கணக்கர். நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு செய்தேன். காலையில் என்னை இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். மாலையில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. வெடிக்காத நாட்களில் எல்லோரையும் இறக்கி, தமிழ்ப் பெயர்க்காரரை மட்டும் ஓரமாக நிற்க வைப்பார்கள். ஓரமாக நின்றவர்கள் எல்லோரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வருடங்களில் எனக்கு நகை ஆசை, வீட்டு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரம் இந்த மனுசன் என்னோடு வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

கார் நிற்கத் தொடங்கியதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காலை, சாவடியில் பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு வயர் வளைந்து தொங்கியது. ஆமிக்காரன் துப்பாக்கி முனையால் அதைத் தட்டி, "மே வயர் எக மொகக்த?" என்றான். இந்த வயர் என்னது என்ற சாதாரணக் கேள்விதான். என் கணவர் சிங்களத்தில் மேலதிகாரியோடு வாதாடுகிறவர், மரக்கறிக்காரனோடு பேரம் பேசுகிறவர். அன்றைக்கு அவருக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. குண்டு இல்லையென்றால் பயப்படாமல் பிடித்துக் காட்டு என்றான் அவன். வயரைப் பிடித்துக் காட்டினார். பக்கத்தில் இருக்கும் குழாயையும் பிடி என்றான். வெள்ளவத்தையிலிருந்து ஓடி வந்த எஞ்சினின் குழாய். விடு என்று சொல்லும்வரை அவர் பிடித்திருந்தார். நான் முன் சீற்றில் இருந்தேன். திறந்த பொனட் அவரை மறைத்துக்கொண்டிருந்ததால், பக்கத்தில் எட்டிப் பார்த்தபோது கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில், கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிவிட்டது என்று சொன்னாராம். அங்கே இருந்தவர்கள், நீயா வீட்டில் சமையல் என்று சிரித்தார்களாம்.

கை ஆறுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்பு டேப் வாங்கி வந்து, பொனட்டைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த வயர்களையெல்லாம் இழுத்துப் பின்பக்கமாகச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். ஒன்றும் தொங்கக்கூடாது, கேட்பதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வெள்ளவத்தையில் கார் வைத்திருந்த தமிழ்ச் சனம் முழுக்க அப்படித்தான் இருந்தது. டிக்கியில் டோர்ச் வைக்கமாட்டோம், பழைய பட்டரி வைக்கமாட்டோம், குறடு வைக்கமாட்டோம். டயருக்குக் காற்றுப் போனால் ஸ்பானருக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களவரைத் தேடி ஓடிய சனம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருந்திருப்போம்.

அதற்குப் பிறகுதான் கார் நிற்கத் தொடங்கியது. முதல் தடவை ஆமிக்காரர்கள் சிரித்தார்கள், அவர்களே தள்ளியும் விட்டார்கள். அடுத்த தடவை அவரையே தள்ளச் சொல்லிவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் இறங்கிக் கைகொடுக்கப் போனபோது, நீ இரு என்று என்னைக் காருக்குள் உட்கார வைத்தார்கள். என்னுடைய பாரத்தையும் சேர்த்து அவர் தள்ள வேண்டுமாம். அதற்கடுத்த தடவை சிரிப்பு முடிந்துவிட்டது. கதவுகளின் உட்பக்கத்தைக் கழற்றினார்கள், சீற்றுகளைக் கழற்றித் தெருவில் போட்டார்கள். இனி இந்தக் கார் இங்கே நின்றால் காரும் வீட்டுக்குப் போகாது, நீயும் போகமாட்டாய் என்று ஒருவன் விரலை நீட்டிச் சொன்னான். சொன்னதைச் செய்யக்கூடிய முகம்.

அவருடைய அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் கராஜ் இருந்தது. சொந்தக்காரரைப் பாஸ் என்று எல்லோரும் அழைப்பார்கள். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த வேதக்காரர், கிறிஸ்தவத் தமிழர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய வாய். காரின் கணினிப் பெட்டியோடு பேசும் ஸ்கானர் ஒன்று வைத்திருந்தார். அதை அவர் துணியில் சுற்றி எடுத்து வரும் பவுசைப் பார்க்க வேண்டும். எங்களைக் கண்டதும் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"யாழ்ப்பாணத்து ஆளுங்க கார கழுவுறதுக்குத்தான் வாங்குறீங்க," என்றார். "ஓட்டுறதுக்கு இல்ல."

என் கணவர் சிரித்தார். வாங்கிக் கட்டிக்கொண்டு சிரிப்பது அவர் பழக்கம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் கார் வேலை முடியும்வரை வாயை அடக்குவது என்று முடிவு செய்தேன்.

ஸ்கானர் ஒரு குறையைச் சொன்னது. பம்ப் டீசலை எஞ்சினுக்குள் தள்ளும் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கிறது. கணினிப் பெட்டியிலிருந்து அதற்கு இரண்டு வயர் போகிறது. அந்த வழியில் எங்கேயோ கரண்ட் விட்டு விட்டு வருகிறது. கரண்ட் போனால் அமுக்கம் பெட்டியின் கைக்குள் நிற்காது, பெட்டி உடனே எஞ்சினை நிறுத்திவிடும். பாஸ் ரெகுலேட்டரில் மீற்றர் வைத்துப் பார்த்தார், நல்லது. பிளக்கைக் கழற்றித் துப்பரவாக்கினார். வயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தார், அதுவும் நல்லது. எஞ்சினை ஓடவிட்டு வயர்களைக் கையால் ஆட்டினார், நிற்கவில்லை. கடைசியாக டேப் சுற்றிய கட்டில் கை வைத்தார்.

"அதைத் தொடாதேங்கோ," என்றார் என் கணவர்.

"ஏன் சார்?"

"அது அப்பிடியே இருக்கட்டும். வேறை எங்கையாவது பாருங்கோ."

பாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தோளைக் குலுக்கிவிட்டு ஸ்கானரில் குறையை அழித்து அனுப்பினார். அடுத்த நாளே சாவடியில் கார் நின்றது. விரலை நீட்டியவன் அன்று காவல் முறையில் இல்லை. இருந்தவர்கள் என் கணவரை வெயிலில் பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்த வைத்தார்கள். போகிற வருகிற பஸ்களிலிருந்து சனம் பார்த்தது. எங்கள் தெருக்காரர் ஒருவரும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பின்னேரம்வரை குந்தியிருந்தார் என் கணவர். எழும்பச் சொன்னபோது கால் விறைத்து எழும்ப முடியவில்லை. அதற்கும் ஒரு உதை.

திரும்பவும் கராஜுக்குப் போனோம். இந்தமுறை பாஸ் தானே காரை எடுத்துக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தார். நிற்கவில்லை. ஒழுங்கையில் எண்ணெய்ப் பீப்பாய்களை மாறி மாறி வைத்து, அதற்குள்ளால் வளைத்து ஓட்டினார். நிற்கவில்லை. என் கணவரை ஓட்டச் சொன்னார். அவர் மெல்ல வளைத்து வளைத்து ஓட்டினார், அப்போதும் நிற்கவில்லை. பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார்.

"அவனுகளக் கண்டாத்தான் நிக்குது," என்றார். "சரி, இன்னொருக்கா போங்க. அக்கா, நீங்க பக்கத்துல இருங்க."

ரெகுலேட்டர் வயரில் மீற்றரின் இரண்டு கம்பிகளையும் செருகி, பொனட் இடுக்கால் எடுத்து, ஜன்னல் வழியாக என் மடிக்குக் கொண்டுவந்தார். முள் விழுந்தால் சொல்லுங்கள் என்றார். நான் மீற்றரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என் கணவர் முதல் பீப்பாயை வளைத்தார், இரண்டாவதை வளைத்தார். மூன்றாவது பீப்பாயில் சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். கையில் நீளமாக ஒரு இரும்பு.

"நவத்தபங்," என்று கத்தினான். நிறுத்தடா என்று அர்த்தம்.

அது கராஜில் பெயின்ற் அடிக்கும் சிங்களப் பொடியன் என்று எனக்குத் தெரிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கிளச்சில் இருந்த என் கணவரின் கால் துடித்தது. எஞ்சின் முன்னுக்கும் பின்னுக்கும் உதறியது. என் மடியில் முள் பூச்சியத்துக்கு விழுந்தது. கார் நின்றது. விழுந்துட்டுது, விழுந்துட்டுது என்று நான் கத்தினேன். சந்தோசத்தில்தான் கத்தினேன், அதை மறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இருந்தார். வலது கையில் அடையாள அட்டை இருந்தது. அதை எப்போது சட்டைப் பையிலிருந்து எடுத்தார் என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது.

கராஜ் முழுக்கச் சிரித்தது. பெயின்ற் பொடியன் மட்டும் இரும்பைக் கீழே வைத்துவிட்டு, "சொறி மாத்தயா," என்று மரியாதையாக மன்னிப்புக் கேட்டான். பாஸ் கை தட்டிக்கொண்டு வந்தார்.

"ஒங்களுக்கு கால் நடுங்குது சார். கால் நடுங்கினா கிளச் நடுங்கும், கிளச் நடுங்கினா எஞ்சின் உதறும். வயரு இழுத்துக் கட்டியிருக்கு. அதுக்கு ஆட எடமில்ல. உள்ளுக்குள்ள அறுந்துபோய், இழுக்கிற நேரம் விட்டுடுது." கத்தியால் டேப்பைக் கிழித்தார். ஒரு வயரின் மேல்தோல் தேய்ந்து, செம்பு இழைகள் ஒன்றிரண்டுதான் மிச்சம் இருந்தன. "இது யார் கட்டினது?"

என் கணவர் அடையாள அட்டையைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார்.

"இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இருந்துக்கிட்டு ஏன் சார் இந்த ஊர்ல இருக்கீங்க?"

அதோடு நான் அடக்கி வைத்திருந்தது போய்விட்டது. "நீர் என்ன மனுசன்?" என்று கேட்டேன். "சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம்தானே?"

"சொன்னா பயப்படமாட்டாரே அக்கா. பயந்தாத்தானே கார் நிக்கும்." அவருடைய முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. "கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சேன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அறுந்த துண்டை வெட்டிவிட்டுப் புது வயர் வைத்தார். சிவப்பு. எஞ்சின் ஆட வேண்டும் என்பதால் தாராளமாக வளைத்துத் தொங்கவிட்டார். இனி இழுத்துக் கட்டினால் திரும்பவும் அறும் என்றார். என் கணவர் அந்தச் சிவப்பு வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது தொங்கினால் கேப்பாங்கள்," என்றார்.

"கேட்டா சொல்லுங்க. வாய் இருக்குதானே."

என்ன சொல்வது என்று என் கணவர் கேட்டார். பாஸ் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார். அதோடு இவர் விடவில்லை. வேலை முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு, திரும்பவும் கராஜுக்குப் போய் நின்று கேட்பார். ரெகுலேட்டருக்கு எவ்வளவு கரண்ட், எந்த வயரில் வருகிறது, எந்த வயரால் பெட்டி அதைக் கட்டுப்படுத்துகிறது, இடையில் அறுந்தால் என்ன ஆகும். கணக்கர் மூளை, ஒன்றை ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்ளும். வீட்டில் முகம் வழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சிங்களத்தில் சொல்லிப் பார்ப்பார். சாப்பிடும்போது முணுமுணுப்பார்.

"சோதினைக்குப் போற பிள்ளை மாதிரி ஏனப்பா உருப்போடுறியள்?" என்று நான் பகிடி பண்ணினேன்.

"இந்தமுறை கேட்டால் என்னட்டை மறுமொழி இருக்கு," என்றார்.

கை வெந்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. இப்போது இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். சாவடிகளில் கார் நிற்கவில்லை. கால் நடுங்கினாலும் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் காலும் நடுங்கவில்லை. எனக்கு என்ன வேண்டுமோ அது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோசத்தில் பாஸுக்கு ஒரு கேக் செய்து அனுப்பினேன்.

ஒரு காலை, பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள். புதிதாக வந்த ஆமிக்காரன், மீசை அரும்பிய வயது, மரியாதையான பிள்ளை. சிவப்பு வயரைக் காட்டி, "மாத்தயா, இது என்னது?" என்று சிங்களத்தில் கேட்டான். என் கணவர் சொன்னார். எனக்குக் காருக்குள் கேட்டது. தடுமாறவே இல்லை. பம்பில் தொடங்கி, ரெகுலேட்டருக்கு வந்து, கணினிப் பெட்டியில் முடித்தார். எந்த வயரில் கரண்ட் வரும், எங்கே அறுந்தால் எஞ்சின் எப்படிச் செத்துப்போகும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. பிள்ளை கவனமாகக் கேட்டுவிட்டு, தலையாட்டிவிட்டு, போய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

வந்தவர் சாதாரண உடையில் இருந்தார். நல்ல தமிழில் பேசினார்.

"நல்லா விளக்கம் சொல்றீங்களாம். எங்க படிச்சீங்க?"

"கராஜிலை."

"வேலை?"

"கணக்கர்."

"கணக்கருக்குக் கராஜில என்ன படிப்பு?"

"கார் நிண்டுது. அதுதான் பிழையைக் கண்டுபிடிச்சனாங்கள்."

"எங்க நிண்டுது?"

என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இஞ்சதான்," என்றார். "செக்பொயின்ட்டுகளிலை."

"செக்பொயின்ட்டுகளில மட்டுமா?"

"ஓம்."

அந்த மனிதர் சிவப்பு வயரை விரலால் தூக்கிப் பார்த்தார். "அப்ப ஆமி நிக்கிற எடத்தில மட்டும் வேலை செய்ற வயர் ஒண்டு உங்கட காரில இருந்திருக்கு," என்றார். "அது எப்பிடி வேலை செய்யுதெண்டு உங்களுக்கு முழுக்கத் தெரியும்."

அவரைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் பின்னால் ஓடினேன். பிறகு திரும்பி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பொனட்டைக்கூட எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

நேரே கராஜுக்குப் போனேன். பழுது பார்த்தது தான்தான், வயர் வைத்தது தான்தான் என்று பொலிசில் வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி பாஸிடம் கேட்டேன். அவர் ஒரு லொறிக்குக் கீழே படுத்திருந்தார். வெளியே வரவே இல்லை.

"நான் அந்தக் கார கண்டதே இல்ல அக்கா," என்று கீழேயிருந்தே சொன்னார். "நீங்களும் என்னய கண்டதில்ல. போயிட்டு வாங்க."

அழுக்குக் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மிதிக்க வேண்டும் போல இருந்தது. பெயின்ற் பொடியன் எனக்கு ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். குடிக்காமல் வந்துவிட்டேன்.

நான் வேலை செய்த சட்டத்தரணி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் பிள்ளை அவ்வளவு விளக்கமாச் சொன்னவர்?" என்றார். கிருலப்பனையில் இருக்கும் என் அண்ணனும் அதையேதான் கேட்டார். எங்கள் தெருக்காரர், அன்றைக்குப் பத்திரிகையால் முகத்தை மறைத்தவர், படியில் என்னை நிறுத்தி, "வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றார். அவருடைய கையை எரித்தவனைப் பற்றி ஒருவருக்கும் கேள்வி இல்லை. பிடித்துக்கொண்டு போனவனைப் பற்றியும் இல்லை. பதில் சொன்ன மனுசனைப் பற்றித்தான் எல்லோருக்கும் கேள்வி. பொலிஸ் வாசலில் என்னோடு காத்திருந்த பெண்களிடமும் இப்படித்தான் ஊர் கேட்டதாம். உங்கட மகன் ஏன் ஓடினவன், உங்கட மனுசன் ஏன் ஓடாமல் நிண்டவர் என்று.

மழைக்காலம் தொடங்கியபோது கொண்டுபோனார்கள். வெயில் காலம் வந்த பிறகு விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லையாம். காரையும் எடுத்துக்கொண்டு போகலாமாம். அவருடைய நகங்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. கார் சாவியை நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை, நான் வாங்கினேன். காரை அண்ணன் எடுத்து விற்றுவிட்டார். வாங்கியவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லாத வண்டி என்று மெச்சினாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கேட்டாலும் அவர் தெரியாது என்றார். அங்கே என்ன கேட்டார்கள் என்றால், தெரியாது. தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்றால், தெரியாது. முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. கத்தியும் இருக்கிறேன். பிறகுதான், அந்த ஒரு சொல்லை அவர் யோசித்து, நிதானமாக, பிழை விடாமல் சொல்கிறார் என்பதைக் கண்டேன். கேட்கும்போது என் கையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பதில்லை.

வைத்தியரிடம் காட்டுவதற்கு ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். எங்களுக்கு வந்த ஆமிக்காரன் கடுமையானவன் இல்லை, வெயிலில் களைத்துப்போய் நின்றான். என் கணவரின் கையிலிருந்த அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதுபோல, "நம மொகக்த?" என்றான். பெயர் என்ன?

"தன்னே நே," என்றார் என் கணவர். தெரியாது.

ஆமிக்காரன் நிமிர்ந்து பார்த்தான். திரும்பவும் கேட்டான். இவர் திரும்பவும் அதையே சொன்னார். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் அவருடைய பெயரைச் சொன்னேன்.